பெண் குழந்தைக்கு இரட்டைப் பெயர், நடுவில் கோடு போடலாமா? (பாரிஸ், அவசரம்)

புதுவரவு: வணக்கம். புதன் இரவு எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இன்று சனி. மனைவிக்கு இனியா பிடித்திருக்கிறது, அம்மா மீனாட்சிதான் என்கிறார், இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. இங்கே ஆன்-சோஃபி, மரி-லூயிஸ் என்று கோடு போட்ட பெயர்களைப் பார்க்கிறேன், இனியா-மீனாட்சி என்று வைத்தால் வீட்டுச் சண்டை தீருமா? வந்து நாலு மாதம்தான், பிரெஞ்சு தெரியாது.

லாகூர்நெவ் அக்கா: வேண்டாம் தம்பி. நான் வந்த புதிதில் ஜனவரிக் குளிரில் விடிகாலை நாலு மணிக்கே விசா வரிசையில் நின்று மூன்று தடவை திரும்பி வந்திருக்கிறேன், எல்லாம் பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறியதற்காக. நீங்கள் கோடு வேறு கேட்கிறீர்கள். முதலில் கனமான ஒரு கோட்டு வாங்குங்கள்.

புதுச்சேரிக்காரன்: பெயர் நடுவில் கோடு போட்டால் என்ன குறை? எங்கள் வீட்டில் பாதிப் பேர் ழான்-பியேர், மரி-தெரேஸ். 1993 சட்டத்துக்கு அப்புறம் என்ன பெயர் என்பது பெற்றோர் விருப்பம்தான். ஆனால் பிறப்பை மூன்று நாளில் பதிய வேண்டும், இன்றோடு சரி!

லியோன் வாசி: மூன்று நாள் 2016 சட்டத்தோடு போயிற்று, இப்போது ஐந்து. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

யாழினி அப்பா: கோடு இருக்கட்டும், எழுத்துதான் தொல்லை. ழ-வுக்கு இசட் எச் போட்டோம், பதினோரு வருடமாக டீச்சர்களுக்கு அவள் யாசினி.

புதுச்சேரிக்காரன்: அதேதான், மீனாட்சிக்கு இரண்டு 'ஈ' (ee) போட்டால் மேனாச்சி ஆகிவிடும், ஒரே ஓர் 'ஐ' (i) போதும்.

லாகூர்நெவ் அக்கா: எந்தப் பெயரைத்தான் ஒழுங்காகச் சொன்னார்கள்...

லியோன் வாசி: சரி, விஷயத்துக்கு வருவோம். பிறந்த நாளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதனால் உங்களுக்குத் திங்கள் கடைசி. தவறினால் கோர்ட் வரை போக வேண்டும். போக வேண்டியது நீங்கள் குடியிருக்கும் ஊர் மேரிக்கு (நகராட்சி அலுவலகம்) அல்ல, ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் மேரிக்கு. ஆஸ்பத்திரி தந்த பிறப்புத் தாளும் இருவர் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். கோடு போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பெயர், பள்ளி முதல் பேங்க் வரை முழுசாக எழுத வேண்டும். காற்புள்ளி போட்டால் இரண்டு தனிப் பெயர், எதையும் கூப்பிடும் பெயராக வைத்துக்கொள்ளலாம். நான் காற்புள்ளி என்பேன், பாட்டிக்கும் மனக்குறை இருக்காது. பாஸ்போர்ட்டில் அடியில் இயந்திரம் படிப்பதற்காக வரும் வரியில் கோடு எப்படியும் காணாமல் போகும், விமான டிக்கெட்டிலும் அப்படித்தான். இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலும் பதியுங்கள். அது சரி, உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கிறதா?

புதுவரவு: இல்லை அண்ணா, அந்தக் கட்டம் காலி. என் பெயர் மட்டும்தான். மனைவிக்கும் அதேதான். சொல்ல விட்டுப்போச்சு.

லியோன் வாசி: முதலிலேயே சொல்ல வேண்டாமா தம்பி! பிரெஞ்சு தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு திங்கள் காலை கதவு திறக்கும்போதே நில்லுங்கள். குழந்தையின் குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன எழுதப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.