அம்மாவுக்கு அப்பர் பெர்த் விழுந்துவிட்டது, மாற்ற வழி உண்டா? அவசரம்

வடக்குவீதி: டில்லிக்கு டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கு 65 வயது, முழங்கால் வலி, ஏணி ஏறவே முடியாது. வயதைச் சரியாகப் போட்டும் அப்பர்தான் வந்திருக்கிறது. லோயருக்கு மாற்ற முடியுமா? உடனே சொல்லுங்கள்.

கூட்ஸ்கார்டு: எந்த வண்டி, எந்த வகுப்பு, எத்தனை பேர், எப்போது பயணம்?

ஜன்னலோரம்: ஒன்றும் செய்ய வேண்டாம். ஏறியதும் கேளுங்கள், சின்னப் பையன்கள் மாறிக்கொள்வார்கள். எனக்கு ஒருமுறைகூட யாரும் மறுத்ததில்லை.

கரிஎஞ்சின்: முதியோருக்கு இருந்ததையெல்லாம் 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்களே.

சிக்னல்: கட்டணச் சலுகை வேறு, முதியோருக்கான லோயர் பெர்த் கோட்டா வேறு. எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் படித்துவிட்டுக் கேட்கலாம். கோட்டா இன்றும் உண்டு. ஆண் 60, பெண் 45. ஒரே டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர், இருவருக்கும் அந்த வயது ஆகியிருக்க வேண்டும். நீங்களும் அதே டிக்கெட்டிலா?

வடக்குவீதி: ஆமாம். அப்பா (70), அம்மா, நான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், த்ரீ ஏசி, அடுத்த மாதம். பெர்த் எண்கள் 19, 22, 24.

சிக்னல்: எட்டால் வகுங்கள். மீதி 3, 6 வந்தால் அப்பர். மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். மூன்று பேரும் மேலேதான்.

கூட்ஸ்கார்டு: போட்ட டிக்கெட்டில் பெர்த்தை மாற்ற முடியாது. முதலில் முதியோர் கோட்டாவில் அப்பா, அம்மா இருவருக்கு மட்டும் புது டிக்கெட் போடுங்கள். லோயர் கிடைத்ததைப் பார்த்த பிறகு, பழையதில் அவர்கள் பெயரை மட்டும் ரத்து செய்யுங்கள், உங்கள் இடம் அப்படியே இருக்கும். தலைக்கு 180 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். பெட்டி வேறாக அமையலாம், அதற்குத் தயாராக இருங்கள். கோட்டா தீர்ந்திருந்தால் வண்டியில் டிடிஆரிடம் சொல்லுங்கள். காலியாகும் லோயரை முதியோருக்குத் தர அவருக்கு அதிகாரம் உண்டு.

கரிஎஞ்சின்: பெரியவர்களோடு டில்லி போனால் ஜி.டி. (கிராண்ட் ட்ரங்க்) எக்ஸ்பிரஸ்தான் நல்லது. நிறைய இடத்தில் நிற்கும், காலாற இறங்கலாம்.

ஜன்னலோரம்: அதற்காக நேரத்தை வீணாக்குவதா? 2,182 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டே ராத்திரி, பகலில் நாக்பூர். குளிர்காலமென்றால் ஆரஞ்சும் வாங்கலாம்.

கரிஎஞ்சின்: ஜி.டி.யும் நாக்பூர் வழிதான் ஐயா, அதுவும் பகலில்தான்.

சிக்னல்: கேட்டது பெர்த். வண்டிச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள்.

வடக்குவீதி: போட்டாச்சு. இரண்டுமே லோயர், 9, 12. நன்றி கார்டு சார்.