எஸ்.பி.எஃப் 30 மினரல் பவுடர் மட்டும் வெயிலுக்குப் போதுமா?

கேள்வி (ஈரோடு): பெருந்துறைக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்லும் எனக்குக் கன்னத்தில் மங்கு படர்ந்திருப்பதால், எஸ்.பி.எஃப் 30 (வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) என்று அச்சிட்ட மினரல் பவுடரை மட்டும் பூசினால் போதுமா என்று அறிய விரும்புகிறேன்.

பதில் (கோபி): போதாது, சகோதரி. ஆய்வகத்தில் அந்த எண்ணைக் கணிக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நாம் பிரஷ்ஷில் தொட்டு ஒற்றுவது அதைவிட மிகக் குறைவு. அவ்வளவு பவுடரையும் அப்பிக்கொண்டால் அலுவலகத்துக்கு அல்ல, கூத்து மேடைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பதில் (பொள்ளாச்சி): முதலில் சன்ஸ்கிரீன் கிரீமைத் தாராளமாகப் பூசி, அது படிந்த பிறகு பவுடரை இடுங்கள். பவுடரை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். நிறமுள்ள பவுடரிலுள்ள இரும்பு ஆக்சைடு, மங்கு மேலும் கருக்கக் காரணமாகும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும்.

கேட்டவர்: நன்றி. மதியம் வியர்த்த பிறகு?

பதில் (கோபி): வியர்வையைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, வெளியே கிளம்புமுன் கிரீமையே மீண்டும் பூசுங்கள்.