பால்வாடியில் வாயே திறக்காத பையன்: 'பேச்சுத் தாமதம்' என்று எழுதலாமா?

அரூர் மாணவி:

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். குழந்தை நலப் பாடத்துக்காக இரண்டு வாரம் தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்துப் பால்வாடியில் போஸ்டிங். ஆளுக்கு ஒரு குழந்தையை எடுத்து, அதன் வளர்ச்சியை வயதுக்குரிய மைல்ஸ்டோன்களோடு ஒப்பிட்டு ரெக்கார்டு எழுத வேண்டும்.

எனக்கு வந்தவன் மூன்றரை வயதுப் பையன். அம்மா ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறார். விடியற்காலையில் கம்பெனி பஸ், திரும்பி வர சாயங்காலம். அவனைக் கொண்டு வந்து விட்டுக் கூட்டிப் போவது பாட்டிதான். எடை 13 கிலோ. மேல் கைச் சுற்றளவு 14.5 செ.மீ.; 12.5-க்கு மேலே இருப்பதால் அதில் கவலை இல்லை. படியில் கால் மாற்றி மாற்றி ஏறுகிறான். ஸ்லேட்டில் நான் போட்ட வட்டத்தைப் பார்த்து அப்படியே போட்டுக் காட்டினான். முட்டையை அவனே உரித்து, மஞ்சள் கருவை மட்டும் பக்கத்துப் பாப்பாவின் தட்டில் வைக்கிறான்.

ஆனால் பேச்சு இல்லை. நான்கு நாளும் ஒரு வார்த்தை வரவில்லை. படச் சார்ட்டில் நாயைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் என் முகத்தையே பார்க்கிறான். மூன்று வயதில் மூன்று வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும் என்று படித்திருக்கிறேன். அதனால் மொழி என்ற தலைப்பின் கீழே 'தாமதம்' என்று எழுதிவிட்டேன். அன்று சாயங்காலம் பாட்டியிடம், "வீட்டிலும் தமிழிலேயே பேசுங்கம்மா, அப்போதான் பேச்சு வரும்" என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டார்.

வாசல் தாண்டியதும் அவன், "அவ்வா, குக்கா! குக்கா!" என்று கத்தினான். வேப்ப மரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அப்புறம் தெருமுனை வரைக்கும் அவன் பேச்சு நிற்கவே இல்லை. அத்தனையும் தெலுங்கு. எனக்கு நெஞ்சு பக்கென்றது.

என் கேள்வி இரண்டு. ரெக்கார்டில் என்ன எழுதுவது? பாட்டியிடம் நான் சொன்னது தப்பா? இரண்டாவதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

பால்வாடி டீச்சர், 22 வருஷம்:

கண்ணு, முதலில் மனசைத் தேத்திக்கோ. தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசும் குழந்தைகள் நிறைய. என் சென்டரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வருவார்கள். சேர்ந்த புதிதில் பேச மாட்டார்கள், ஆனால் காது முழுக்க நம் பக்கமே இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாட்டு நேரத்தில் உதடு அசையும். அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் "டீச்சர், எனக்கு" என்று வரும். அவன் எப்போது சேர்ந்தான் என்று வருகைப் பதிவேட்டில் பார்.

இன்னொன்று. சார்ட்டைத் தூக்கி ஓரமாக வை. பெரியவர்கள் சார்ட்டைக் காட்டிக் கேள்வி கேட்டால் பேசுகிற பிள்ளையே வாயை மூடிக்கொள்ளும். மணலில் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் ஒரு கொட்டாங்குச்சியில் மண் அள்ளு. அவனே வருவான்.

ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைக்கான அரசுத் திட்டம்) நர்ஸ், தருமபுரி:

டீச்சரம்மா சொன்னது சரி. நான் மருத்துவப் பக்கத்தைச் சொல்கிறேன். இரண்டு மொழிக் குழந்தைக்கு வார்த்தையை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். தெலுங்கில் வாக்கியமாகப் பேசுகிறான் என்றால் அவனுக்கு மொழி இருக்கிறது. நிஜமான தாமதம் என்றால் வீட்டு மொழியிலும் தெரியும். அதனால் பாட்டியை உட்கார வைத்து இவற்றைக் கேளுங்கள்: எத்தனை வார்த்தை சேர்த்துப் பேசுகிறான், வெளியாட்களுக்குப் புரிகிறதா, முன்பு பேசிய வார்த்தை எதுவும் நின்று போனதா. கடைசியாகச் சொன்னது இருந்தால் எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது.

காதையும் விடாதீர்கள். சீழ் வடிந்த சரித்திரம் உண்டா, பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் எங்கள் குழு வரும் வரை காத்திருக்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய திட்டம் இது, பால்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறோம். நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பாட்டியிடம் சொன்னதைக் கட்டாயம் திருப்பிச் சொல்லிவிடுங்கள் சிஸ்டர்.

ஓசூர் அம்மா:

இந்தக் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கன்னடம். என் மகளை இரண்டேகால் வயதில் ஒரு கிரெச்சில் விட்டேன். "குழந்தை குழம்புது, வீட்டிலும் ஒரே மொழி பேசுங்க" என்றார்கள். அவர்கள் படித்தவர்கள், நம்பினேன். நானும் என் மாமியாரும் தெரிந்த அரைகுறைத் தமிழில் பேச ஆரம்பித்தோம். மாமியாருக்கு அதில் கதை சொல்ல வராது, கொஞ்ச வராது. "வா, சாப்பிடு, தூங்கு" இதோடு முடிந்தது. வேலை முடிந்து வந்து குழந்தையோடு எனக்குக் கிடைப்பதே இரண்டு மணி நேரம், அதிலும் பேச்சு குறைந்து போனது. ஐந்து மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு குழந்தை மருத்துவர்தான், "உங்களுக்கு எந்த மொழியில் நிறையப் பேச வருமோ அதில் பேசுங்கள்" என்றார். இப்போது ஐந்து வயது, இரண்டும் பேசுகிறாள். ஆனால் அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. தங்கச்சி, நாளைக்கே போய்ச் சொல்லு.

அரூர் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. பதிவேட்டைப் பார்த்தேன், அவன் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகிறது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

இன்று காலை பாட்டி வந்ததும் பால்வாடி ஹெல்பர் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு பேசினேன். அக்காவுக்குத் தெலுங்கு தெரியும். "நான் சொன்னது தப்பும்மா, நீங்க உங்க பாஷையிலேயே பேசுங்க, கதை சொல்லுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாகப் படுக்கும்போது அவனுக்குக் கதையே சொல்லவில்லையாம்.

நான்கைந்து வார்த்தை சேர்த்துப் பேசுகிறான், பக்கத்து வீட்டாருக்கும் புரிகிறது, சொன்ன வார்த்தை எதுவும் மறையவில்லை. காதில் போன மழைக்காலத்தில் ஒரு தடவை சீழ் வந்ததாம். அதற்கு மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லியிருக்கிறேன். ரெக்கார்டில் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினேன்: 'வீட்டு மொழி தெலுங்கு, அதில் வயதுக்கேற்ற பேச்சு, தமிழுக்குப் புதிது, காது பரிசோதனைக்குப் பரிந்துரை.'

மத்தியானம் மணலில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் அவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தான். பிறகு என் கொட்டாங்குச்சியை வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்து, "நீள்ளு" என்றான்.