எஸ்டோனியாவில் வங்கிக் கணக்கு: "இந்த நாட்டோடு உங்களுக்கு என்ன தொடர்பு?"

எஸ்டோனிய அரசு வெளிநாட்டாருக்குத் தரும் டிஜிட்டல் அடையாளமான இ-ரெசிடென்சி அட்டை வேறு, அங்கே தங்கி வாழ்வதற்கான குடியிருப்பு அனுமதி அட்டை வேறு. இதில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். 2014 டிசம்பரில் வந்த இ-ரெசிடென்சி, இணையத்தில் கையெழுத்துப் போடவும் கம்பெனி பதியவும் உதவும். அதைக் காட்டினால் வங்கி கணக்குத் தந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஸ்வெட்பேங்க், எஸ்இபி, எல்எச்வி, லூமினோர் என்று எந்த வங்கியானாலும் இந்த நாட்டோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்பதைத்தான் பார்ப்பார்கள். வேலை ஒப்பந்தம், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கட்டும். "ஐரோப்பாவில் ஒரு கணக்கு இருந்தால் நல்லதுதானே" என்ற பதில் எடுபடாது.

கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2007 முதல் 2015 வரை டென்மார்க்கின் டான்ஸ்கே பேங்கின் எஸ்டோனியக் கிளையில், வெளிநாட்டார் கணக்குகள் வழியாகச் சுமார் 200 பில்லியன் யூரோ ஓடியது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று 2018-ல் வெளிவர, 2019-ல் கிளையையே மூடச் சொல்லிவிட்டார்கள். இங்குள்ள வங்கிகள் சூடு பட்ட பூனைகள்.

வேலைக்கு வருபவர்கள் குடியிருப்பு அனுமதி அட்டை வந்தபின் போனால் சுலபம். அட்டையில் 11 இலக்கத் தனிநபர் எண் இருக்கும். 12 மே 1990-ல் பிறந்த ஆண் என்றால் 3900512 என்று தொடங்கும், பெண் என்றால் 4900512. இதுவே எஸ்டோனிய வரி எண்ணும். டி விசாவில் (நீண்டகால விசா) வருபவருக்கு இந்த அட்டை கிடையாது. நேரம் குறித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு கிளைக்கு நேரில் போவதே வழி.

ஆள் சறுக்குவது கேள்விப் படிவத்தில். மாதம் எவ்வளவு வரும், எந்த நாட்டிலிருந்து, யார் அனுப்புவார்கள், ரொக்கம் உண்டா என்று கேட்பார்கள். பயந்து குறைத்து எழுதாதீர்கள். மாதம் 500 யூரோ என்று எழுதிவிட்டு, அடுத்த வாரமே கல்விக் கட்டணத்துக்கு 4,000 வந்தால் விளக்கம் கேட்டு மெசேஜ் வரும். நெட்பேங்கிங் உள்பெட்டியில் அது தூங்கினால் கணக்கை முடக்கலாம். ஒருமுறை பெரிய தொகை வரும் என்றால் அதையும், காரணத்தையும் அப்போதே எழுதுங்கள். கடன் அனுமதிக் கடிதமோ அப்பாவின் ஸ்டேட்மென்டோ ஆங்கிலத்தில் தயாராக இருக்கட்டும். அப்பா, சித்தப்பா, நண்பர் என்று மூன்று பேர் துண்டு துண்டாக அனுப்புவதைவிட ஒரே கணக்கிலிருந்து வருவது மேல். இந்தியாவில் வரி கட்டுபவர் என்றால் பான் எண்ணையும் கேட்பார்கள்.

* * *

பெயர் விஷயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவோ, அங்கே அப்பா பெயரோ இருக்கும். வங்கி அடையாள ஆவணத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது பெயரும் ஐபானும் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கிறார்கள். சம்பளப் பிரிவில் "கே. செந்தில்" என்று போட்டிருந்தால் பொருந்தவில்லை என்று காட்டலாம். அனுப்புபவர் விரும்பினால் மேலே போகலாம்; ஆனால் எச்சரிக்கையைப் பார்த்ததும் நிறுத்திவைக்கும் கணக்காளர்கள் உண்டு. இனிஷியலை விரிப்பதா வேண்டாமா என்று யோசிக்காமல், ஆவணத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள்.

* * *

மறுத்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் தனிநபருக்கு அடிப்படைக் கணக்கு உரிமை உண்டு (உத்தரவு 2014/92). முழு விண்ணப்பம் கிடைத்த 10 வேலை நாளுக்குள் திறக்கவோ மறுக்கவோ வேண்டும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பணமோசடித் தடுப்பு சார்ந்தது என்றால் மட்டும் சொல்லாமல் விடலாம். கம்பெனிகளுக்கு இந்த உரிமை இல்லை, சென்னையில் உட்கார்ந்திருக்கும் இ-ரெசிடென்ட்டுக்கும் இல்லை. அவர்கள் வைஸ் போன்ற இணையப் பணச் சேவைகளைத்தான் பார்க்க வேண்டும். அதில் வரும் பிஇ என்று தொடங்கும் பெல்ஜிய ஐபானை "உள்ளூர் இல்லை" என்று ஒரு நிறுவனம் தள்ளினால், அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 260/2012 ஒழுங்குமுறைக்கு எதிரானது.

அட்டையோடு வரும் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் ரகசிய எண்கள் இருக்கும். பின் 1 நான்கு இலக்கம், நெட்பேங்கிங் உள்ளே நுழைய. பின் 2 ஐந்து இலக்கம், கையெழுத்துக்கு. பணம் அனுப்ப இதுதான். மூன்று முறை தப்பினால் பூட்டிக்கொள்ளும், திறக்க பியூகே என்ற எட்டு இலக்கத் திறவு எண் வேண்டும். அதுவும் அந்த உறைக்குள்தான்.