மறுமொழி: ‘இளம் ஆய்வாளர் இதழ்’ சரியா வருமா?

> ‘இளம் ஆய்வாளர் இதழ்’னு போட்டா போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனா தப்பா புரியும். நாம தேடுறது, ஆய்வுத் துறையில ஆரம்பக் கட்டத்துல இருக்கிறவங்க (early-career researchers) தாங்களே நடத்துற ஆய்விதழுக்கு ஒரு தமிழ்ப் பேரு. இங்க பேச்சு வயசப் பத்தி இல்ல. ரெண்டு பிள்ளைய வளத்துட்டு நாப்பத்தஞ்சு வயசுல பிஎச்.டி முடிச்ச அம்மாவும் இந்த வகைதான், அவங்கள இளம்னு கூப்பிட்டா சிரிப்பாங்க. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தோட ஆரம்பநிலை நிதிக்கு வயசு வரம்பே கிடையாது, பிஎச்.டி வாங்கி 2-லிருந்து 7 வருஷம்ங்கிறதுதான் ரொம்ப நாளா இருந்த கணக்கு, அதுலயும் அம்மாவா இருந்தா ஒரு குழந்தைக்கு 18 மாசம்னு கூட்டிக்கலாம்.

‘இளநிலை’ய ஏற்கனவே பி.ஏ., பி.எஸ்சி.க்கு எழுதிக் குடுத்தாச்சு. ‘தொடக்கநிலை’ன்னா எனக்கு அ ஆ எழுதுற வகுப்புதான் கண்ணு முன்னாடி வருது.

நான் சொல்றது ‘வளராய்வாளர்’. வளர்பிறை மாதிரி வினைத்தொகை, வளர்ந்த வளர்கிற வளரும்னு மூணு காலமும் உள்ளயே கெடக்கு, அதனால பட்டத்துக்குப் படிக்கிறவரு, முடிச்சுட்டு போஸ்ட்டாக் போஸ்ட்டாக்னு (பிஎச்.டி.க்கு அப்புறம் செய்யுற தற்காலிக ஆய்வு வேலை) அலையுறவரு, நேத்து உதவிப் பேராசிரியரா சேந்தவரு எல்லாரும் இதுக்குள்ள வந்துடுவாங்க.

ஆனா நிஜமான சிக்கல் ‘இதழ்’ல இருக்கு. மாணவர் இதழ்னா மாணவர் எழுதுறதா, படிக்கிறதா, நடத்துறதா? ஹார்வர்டு லா ரிவியூங்கிற சட்ட ஆய்விதழ் 1887-ல ஆரம்பிச்சது, எந்தக் கட்டுரைய எடுக்கணும்னு முடிவு பண்றது, அடிக்குறிப்பு வரைக்கும் திருத்துறது எல்லாம் சட்ட மாணவர்கள்தான் (1990-ல ஒபாமா அதுக்குத் தலைவரானது இப்படித்தான்), ஆனா பெரிய கட்டுரைகள எழுதுறவங்க பேராசிரியர்களும் நீதிபதிகளும். இன்னொரு பக்கம் ஜர்னல் ஆஃப் எமர்ஜிங் இன்வெஸ்டிகேட்டர்ஸ், அதே ஹார்வர்டுல ஆய்வு மாணவர்கள் தொடங்குனது, அங்க எழுதுறது பள்ளிக்கூடப் பசங்க, மதிப்பிடுறதும் திருத்துறதும் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள். ரெண்டையும் ‘மாணவர் இதழ்’ங்கிற ஒரே சாக்குல போட்டுக் கட்டினா யார் கையில பேனா, யார் கையில முடிவுன்னே தெரியாம போயிடும். பேராசிரியர் நடத்துற ஜர்னல் ஒண்ணு வருஷத்துக்கு ஒரு தடவ ‘இளம் ஆய்வாளர் சிறப்பிதழ்’ போடுது பாருங்க, அது இந்த வகையே இல்ல.

‘ஆய்வாளர் நடத்துநர் இதழ்’னு ஒருத்தர் போன மடல்ல எழுதியிருந்தாரு. டிக்கெட் கிழிச்சுக் குடுப்பாங்களான்னு கேப்பாங்க சார், வேணாம்.

இதுக்குத் தனிச்சொல்லே வேணாம்ங்கிறது என் கட்சி. ‘வளராய்வாளர் நடத்தும் ஆய்விதழ்’, அவ்வளவுதான். ஒரு பெயரெச்சம் பாத்துக்கிற வேலைக்கு எதுக்கு புதுசா ஒரு கூட்டுச்சொல்ல உருட்டணும்.

________

> நான் சொல்றது ‘வளராய்வாளர்’.

அக்கா, கருத்து சரி, ஆனா சேத்து எழுதினா நான் ‘வளரா’ ஆய்வாளர்னு படிச்சுட்டேன். ஆறு வருஷமா தீசிஸ முடிக்காம உக்காந்திருக்கேன், நீங்களும் குத்திக் காட்டணுமா 🙂

இன்னொண்ணு, நானும் இப்படி ஒரு ஜர்னல்ல ரெண்டு வருஷம் ஆசிரியர் குழுல இருந்தேன். பட்டம் வாங்கினதும் எல்லாரும் கெளம்பிடுவாங்க, சர்வர் பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னு தேடவே ஒரு மாசம் ஆச்சு. இந்த ஒப்படைப்புக்கு ஒருத்தர் ‘கைமாற்று’ன்னு எழுதியிருக்காரு. கைமாத்துன்னா வட்டியில்லாம வாங்குற கடன் இல்லையா? ‘பொறுப்பு ஒப்படைப்பு’ன்னே இருக்கட்டும்.

________

ஐயோ தம்பி, இது எனக்குத் தட்டவே இல்ல. நியாயம்தான். பிரிச்சே எழுதுவோம், ‘வளர் ஆய்வாளர்’. புணர்ச்சி விதி பேசுறவங்க வந்தா நீயே பதில் சொல்லிக்கோ.

மத்தவங்களுக்கு மறுப்பு இல்லன்னா இதையும் பொறுப்பு ஒப்படைப்பையும் நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஏத்திடுறேன். ‘ஒப்பார் மதிப்பாய்வு’ (peer review, கட்டுரைய அதே துறைக்காரங்க படிச்சு மதிப்பிடுறது) பத்திப் பேசணும்னா தனி இழை தொடங்குங்க, வேகமா படிச்சா அது ஒப்பாரின்னு காதுல விழுது. ஒரு கட்டுரை திரும்பி வந்த அன்னிக்கு அது பொருத்தமாவும் இருந்துச்சு.