ஒரு துண்டு கெடுத்த பேல்: அனுபவப் பகிர்வு

பெட்கட்டு:
மறுசுழற்சிக்கு அனுப்பின பெட் (தண்ணி, ஜூஸ் பாட்டில் செய்ற பிளாஸ்டிக்) பேல், அதாவது நசுக்கிக் கட்டின பொதி, ஒண்ணு லாரியோட திரும்பி வந்தது இன்னும் உறுத்துது. பார்வைக்கு நல்ல சரக்கு. நிறமில்லாத பாட்டில் மட்டும், அலசி நசுக்கிக் கட்டினது. வாங்குற இடத்துல பேலைப் பிரிச்சு, ஜூஸ் பாட்டிலைச் சட்டை மாதிரி இறுக்கிப் பிடிச்சிருந்த ஸ்லீவ் லேபிளைக் கிழிச்சாங்க. செம்புக் கம்பியை லைட்டர்ல பழுக்கவெச்சு, லேபிளைத் தொட்டு, மறுபடி தீயில காட்டினாங்க. தீ பளிச்சுன்னு பச்சை. பச்சைன்னா லேபிள் பி.வி.சி. (குளோரின் உள்ள வேற பிளாஸ்டிக்). அதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

பெட் உருக 250 டிகிரிக்கு மேல போகணும். பி.வி.சி. 200-ஐத் தொடுறதுக்குள்ளயே கருகி அமிலப் புகை விட ஆரம்பிச்சிடும். அந்த அமிலம் பெட்டோட பலத்தையே உடைச்சிடும், சரக்கு மஞ்சளாகும், கரும்புள்ளி விழும். ஒரு டன் ஃபிளேக்ஸ்ல (பாட்டிலை அரைச்ச சில்லு) 100 கிராம் கலந்தாலே போதும்.

தொட்டித்தண்ணி:
ஃபிளேக்ஸைத் தண்ணித் தொட்டியில போட்டா லேபிள் மிதந்து தனியா வந்துடுமே? இதுக்கு எதுக்கு முழு லோடையும் திருப்பணும்?

பெட்கட்டு:
மிதக்கறது மூடியும், மூடி வளையமும், பி.பி.ங்கிற லேசான பிளாஸ்டிக் லேபிளும்தான். தண்ணியோட அடர்த்தி 1, பெட்டோடது 1.38, பி.வி.சி.யும் கிட்டத்தட்ட அதே எடை. ரெண்டும் ஒண்ணா அடியில உட்கார்ந்துக்கும். தொட்டியை நம்பி விட்டதாலதான் இந்தக் கதையே.

பால்கவர்:
எங்க ஷெட்டுல மறக்க முடியாதது பால் கவர் மூட்டை. பத்து நாள் கட்டி வெச்சதைப் பிரிச்சப்ப மூட்டையே நெளிஞ்சது, அத்தனை புழு. பால் கொழுப்பு கெட்டா வர்ற அந்தப் புளிச்ச வாடை கவரோட எல்.டி. பிளாஸ்டிக்குக்குள்ளயே ஏறிடும். காஸ்டிக் சோடா போட்டுச் சுடுதண்ணியில கழுவினாலும் உருக்கி எடுக்கிற குருணையில லேசா வீசும், விலை இறங்கும். ஈரம் போகாம எக்ஸ்ட்ரூடர்ல (உருக்கித் தள்ளுற மெஷின்) விட்டா நீராவி உள்ளே மாட்டி, குருணை பொரி மாதிரி உப்பிக்கும். அதை உருக்கி பலூன் மாதிரி ஊதிக் கவர் செஞ்சா ஓட்டை ஓட்டையா வரும்.

வீட்டுல செய்ய வேண்டியது ரெண்டே வேலை. பால் ஊத்தின கையோட அரை டம்ளர் தண்ணி விட்டுக் குலுக்கிக் கொட்டிட்டு, கவிழ்த்துக் காயவெக்கணும். மூலையை வெட்டும்போது துண்டு தனியா விழாம ஒட்டிக்கிட்டே இருக்கணும். அந்த நகத்தளவு துண்டு சல்லடையில நழுவி உரத்துக்குள்ள போயிடுது, அதை யாராலும் பொறுக்க முடியாது.

காயலான்:
மூடியைப் பத்தி யாருமே சொல்லல. மூடியைக் கழட்டித் தனியா போடச் சொல்லி ஊர் ஊரா நோட்டீஸ் ஒட்டறாங்க. வேண்டாத வேலை. அது தொட்டியில தானா மிதந்து வந்துடும். தனியா போட்டாத்தான் சாக்கடைக்குப் போகுது. ஆனா இறுக்கி மூடின பாட்டில்ல காத்து மாட்டி, பேல் கட்டுற பிரஸ்ல வெடிக்கும், பேலும் கட்டு தளர்ந்துடும். மூடியைத் திறந்து, நசுக்கி, திரும்ப மாட்டுங்க. அம்புட்டுதான்.

சரசரப்பை:
எச்.எம். (மெல்லிசான கடை கவர் பிளாஸ்டிக்) லாட்ல மக்கும் பை கலந்தது எங்க தலைவலி. கவர் ஊதுறப்ப குமிழ் திடீர்னு கிழிஞ்சுக்கிட்டே இருந்தது. மெஷினோட டை (அச்சு), சூடு, வடிகட்டுற வலை எல்லாம் பார்த்தாச்சு, கடைசியில மூட்டையில கைவிட்டாத்தான் தெரியுது. கையில கசக்கினா எச்.எம். சரசரன்னு சத்தம் போடும், எல்.டி. சத்தமில்லாம மெத்துன்னு இருக்கும். மக்கும் பை பார்க்க எச்.எம். மாதிரி, தொட்டா எல்.டி. மாதிரி. விரலளவு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணியில அமுக்கிப் பாருங்க. மக்கும் பை மூழ்கும், மத்தது மேல வரும்.

காயலான்:
தப்பு அண்ணே. எச்.எம்.ல சுண்ணாம்புப் பவுடர் 10 சதவீதம் சேர்த்திருந்தா அதுவும் மூழ்கும். சந்தையில விக்கிற மலிவு கவர்ல அதுக்கு மேலயே போடறாங்க. உங்க சோதனையில நல்ல சரக்கையும் தூக்கிப் போட்டிருப்பீங்க. மூழ்கினதைக் கொளுத்தி, உடனே அணைச்சு மோந்து பாருங்க. எச்.எம்.னா மெழுகுவர்த்தி அணைச்ச வாசம்.

சரசரப்பை:
சரி, அது ஒத்துக்க வேண்டியதுதான்.

தார்க்கல்:
இவ்வளவு பேசறீங்க, யாரும் ரோடு பக்கம் வரல. பிளாஸ்டிக் கழிவைச் சேர்த்து தார் ரோடு போட மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டின வழி, 2002-லயே சென்னை ஜம்புலிங்கம் தெருவுல போட்டுப் பார்த்தாச்சு. விக்க முடியாத அழுக்கு கவருக்கு இதுதான் வழி. 2–3 மில்லிமீட்டர் துருவலா வெட்டுங்க. ஜல்லியை 160–170 டிகிரிக்குச் சூடாக்கி, மேல துருவலைத் தூவணும். அரை நிமிஷத்துல கல்லு எண்ணெய் தடவினாப்ல மினுங்கும், அப்புறம்தான் தார். தார் எடையில 8 சதவீதம் வரைக்கும் பிளாஸ்டிக். ஒரு கிலோமீட்டர் ஒற்றை வழிச் சாலைக்கு ஏறக்குறைய ஒரு டன் போகும். கல்லு ஈரமா இருந்தா ஒட்டாது. துருவல் பெரிசா இருந்தா கட்டி கட்டியா நிக்கும். மண்ணும் ஈரமும் உள்ள கவரைத் துருவினா பிளேடு சீக்கிரம் மழுங்கும், அதனால உதறிக் காயவெச்சுட்டுத்தான் போடணும்.

இன்னொண்ணு: ஃபிளெக்ஸ் பேனர் சேர்க்கவே கூடாது, அதுவும் பி.வி.சி.தான். தார் கலக்குற பிளான்ட்ல மூக்கைத் துளைக்கிற நெடியோட புகை கிளம்பினா, யாரோ கட்சி பேனரைத் துருவிப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். கேட்டா எல்லாம் 'பிளாஸ்டிக்தானே'ம்பாங்க.

தொட்டித்தண்ணி:
ஐயா, கேள்வி பேல் பத்தி. ஸ்லீவ் போட்ட பாட்டிலை என்னதான் செய்றது?

பெட்கட்டு:
பாட்டிலைப் பிரிக்கிற பெல்ட்லயே கண்ணுல பட்டதும் தனியா எடுத்துடணும். கழுத்துல இருந்து அடிவரை லேபிள் இருந்தா சந்தேகப்படு, இதுதான் எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. கத்தியால நெடுக ஒரு கீறு, லேபிள் முழுசா கழண்டுடும், பாட்டில் பேலுக்குப் போகலாம். பச்சைத் தீ வரலைன்னா அதை பேல்ல விட்டுடலாம்னு நினைக்காதீங்க. ஸ்லீவ் பெட்-ஜியாவும் (பெட்லயே சீக்கிரம் இளகுற வகை) இருக்கலாம். அது கருகாது, ஆனா ஃபிளேக்ஸைக் காயவெக்கிற டிரையர்ல பெட்டுக்கு முன்னாடியே இளகி, ஃபிளேக்ஸை எல்லாம் உருண்டை பிடிச்சு வெச்சிடும். டிரையரைத் திறந்து கம்பியால குத்தித்தான் எடுக்கணும்.