கலைச்சொல்: 'ஸ்மால் ஃபார் ஜெஸ்டேஷனல் ஏஜ்' – தமிழில்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மகப்பேறு ஆய்வுகளைத் தமிழில் எழுதும்போதெல்லாம் இந்தச் சொல்லில்தான் சிக்குகிறோம். 'எடை குறைந்த குழந்தை' என்று எழுதினால் பிழை. 2,500 கிராமுக்குக் கீழே பிறந்த எல்லாக் குழந்தைக்கும் அந்தப் பெயர் பொருந்தும். அதில் கர்ப்பம் எத்தனை வாரம் என்ற கணக்கே இல்லை. நாம் தேடும் சொல் வேறு: கர்ப்பத்தின் அதே வாரத்தில் பிறந்த, அதே பாலினக் குழந்தைகள் 100 பேரை எடைவாரியாக வரிசைப்படுத்தினால் கடைசிப் பத்தில் வருகிற குழந்தை.

34 வாரத்தில் 2,200 கிராமோடு பிறந்த ஆண் குழந்தை எடை குறைந்தது. ஆனால் அந்த வாரத்துக்கு அது சரியான எடை. 40 வாரம் நிறைந்து 2,600 கிராமோடு பிறந்தது எடைக்குறைவுப் பட்டியலில் வராது, ஆனாலும் சிறியது. இரத்தச் சர்க்கரை இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டிய குழந்தை அது.

என் பரிந்துரை: கருவயதுக்குச் சிறிய குழந்தை.

*

> கருவயதுக்குச் சிறிய குழந்தை

'சிறிய' இருக்கட்டும், 'கருவயது' வேண்டாம். வாரக் கணக்கு தொடங்குவது கடைசி மாதவிடாயின் முதல் நாளில். 28 நாள் சுழற்சியில் கரு உண்டாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. 40 வாரக் குழந்தைக்குக் கருவயது 38 வாரம்தான். கருவியலுக்கு அந்தச் சொல் தேவைப்படும். மருத்துவமனையில் 'எத்தனை வாரம்?' என்றுதானே கேட்கிறார்கள்? 'கர்ப்ப வாரம்' என்றே வைப்போம்.

வாரம் பிசகினால் எல்லாம் பிசகும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை ஒரு வாரம் தள்ளி வெளிவரும். மாதவிடாய்த் தேதியை மட்டும் நம்பினால் ஒரு வாரம் கூடுதலாக ஏறி, நல்ல எடையுள்ள குழந்தையும் சிறியதாகிவிடும். 14 வாரத்துக்குள் ஸ்கேனில் தலையிலிருந்து பிட்டம் வரை நீளம் அளந்து வாரத்தை உறுதிசெய்துவிட வேண்டும். பிறகு அதை மாற்றக்கூடாது. எட்டாம் மாதத்தில்தான் முதல் ஸ்கேன் என்றால் கதை தலைகீழ்: உருவத்தைப் பார்த்து வாரம் கணிப்பதால், உண்மையிலேயே சிறிய குழந்தைக்கு வாரம் குறைந்து, குறை கணக்கிலேயே வராமல் போய்விடும்.

*

> 'வளர்ச்சி குன்றிய குழந்தை' என்றே சொல்லலாமே?

கூடாது. கடைசிப் பத்து என்பது வெறும் எண்ணிக்கைக் கோடு. பெற்றோர் சிறிய உடல்வாகு என்பதால் சிறியதாக, முழு நலத்தோடு பிறக்கும் குழந்தைகளும் அதில் உண்டு. குன்றுதல் என்பது வளர வேண்டிய அளவு வளராமல் தேங்குவது. அதை அறியத் தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்க்க வேண்டும். சில வார இடைவெளியில் வளர்ச்சியையும் அளக்க வேண்டும். 'குன்றிய' அதற்கே இருக்கட்டும். 'சிறுத்த' என்றும் எழுத வேண்டாம், பெரிதாக இருந்து சுருங்கியது போல ஒலிக்கிறது.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2,500 கிராமையே குறைப்பிரசவத்தின் எல்லையாக உலகம் வைத்திருந்தது. 1961-இல்தான் உலக சுகாதார நிறுவனம் எடைக்குறைவையும் குறைப்பிரசவத்தையும் பிரித்தது. சிறிய, ஏற்ற, பெரிய என்ற மூன்று வகுப்பை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பட்டாக்லியாவும் லுப்சென்கோவும் 1967-இல் முன்வைத்தார்கள். ஆகவே தமிழிலும் மூன்றும் ஒரே அச்சில் அமைய வேண்டும்: வாரத்துக்குச் சிறிய, வாரத்துக்கு ஏற்ற, வாரத்துக்குப் பெரிய. முதல் முறை மட்டும் 'கர்ப்ப வாரத்துக்குச் சிறிய' என்று முழுமையாக எழுதினால் போதும்.

கூடவே, வாரத்துக்கு வாரம் எடையைக் காட்டும் எந்த வரைபடத்தோடு ஒப்பிட்டோம் என்றும் குறிக்க வேண்டும். நாக்பூர் உட்பட எட்டு இடங்களில் அளந்து 2014-இல் வெளியான இன்டர்குரோத்-21 என்ற பன்னாட்டு ஆய்வின் வரைபடத்தில் ஏற்றதாக இருக்கும் குழந்தை, வேறொரு நாட்டின் வரைபடத்தில் சிறியதாகிவிடலாம்.